குலுக்கலில் விழுந்த மடக்குக் கத்தி

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் பாவாடைப் பையில் மடக்குக் கத்தியோடு நடமாடிய ஒரே பெண்பிள்ளை நான்தான். அதைப் பேனாக்கத்தி என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். மடக்கி வைத்தாலே என் உள்ளங்கையைத் தாண்டி நீளும். விரித்தால் பள்ளிக்கூடத்து அடிஸ்கேலைவிட இரண்டு விரல்தான் குறைவு. மரப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். விரித்து முடிக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு நாளைக்கு இருபது தடவையாவது விரித்து மடக்குவேன்.

அது என்னிடம் வந்தது எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் விழாவில். பிள்ளைகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பார்கள். பரிசுகள் எல்லாம் வீடுகளிலிருந்து வந்தவை. சோப்பு டப்பா, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், இப்படித்தான் விழும். என் எண்ணுக்குக் கத்தி விழுந்தது. பிள்ளைகள் விழாவுக்குக் கத்தி கொடுக்கத் தோன்றிய அந்தப் புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் என் ஜெபத்தில் அவருக்குப் பல நாள் இடம் இருந்தது.

சபைச் செயலாளர் பதறிப்போய் ஒரு ரோஸ் நிற பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"பாப்பா, அது ஆம்பளப் பசங்களுக்கு. நீ இத்த எடுத்துக்கோ."

நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கொடுத்துவிடு என்று அம்மா தூரத்திலிருந்தே கண்ணை உருட்டினாள். அப்பாதான் எழுந்து வந்தார்.

"சீட்டு அவளுக்குத்தானே உழுந்துச்சு? இருக்கட்டும் உடுங்க."

"இன்னாங்க நீங்க, பொம்பளப் புள்ள கையில போயி கத்தியக் குடுத்துக்கினு..."

"வெங்காயம் அரியறது மட்டும் பொம்பளப் புள்ளதான்றீங்க. அப்போ கத்தி அவ கையில இருந்தா இன்னா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கத்தி என்னுடையதாயிற்று. பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது, தம்பி பக்கம் நீட்டக் கூடாது என்று அப்பா இரண்டே சட்டம் போட்டார். பள்ளி விட்டு வந்து பையை இறக்கியதும் முதல் வேலையாகக் கத்தியை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொள்வேன். அதன் கனத்தில் பாவாடை ஒரு பக்கமாக இறங்கும். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எனக்கோ அந்தக் கனம் தொடையில் இடித்தால்தான் நடையே வரும். கரும்பு வெட்ட, பார்சல் கயிறு அறுக்க, எதிர் வீட்டு அக்காவின் மிக்சி வயரைச் சீவ என்று தெருவே என்னைத் தேடி வந்தது.

தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டாலும் ஷிப்ட் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அம்மா விடிவதற்குள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போவாள். அப்பாவுக்கும் பெங்களூரில்தான் வேலை, வாட்ச்மேன், நைட் டியூட்டி. அவர் வீடு வந்து சேரக் காலை ஒன்பதரை ஆகிவிடும். விடுமுறை நாட்களில் நானும் ஐந்து வயதுத் தம்பியும் அவர் பொறுப்பு. வாரத்துக்கு ஒருநாள்தான் அம்மாவும் அப்பாவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அது மே மாத விடுமுறை. அப்பா வந்து உப்புமாவைச் சாப்பிட்டார். "தம்பியப் பாத்துக்கோ, வெளிய போவாதீங்க" என்று சொல்லிவிட்டு உள் அறையில் படுத்தார். முன் அறையில் தம்பிக்காக ஒரு ஊஞ்சல் தொங்கியது. அம்மாவின் பழைய நைலான் சேலையை அப்பாவே கூரைக் குழாயில் கட்டியிருந்தார். "அவன் ஆடற ஆட்டத்துக்கு அது வேணாங்க" என்று அம்மா சொன்னபோது, "நான் வூட்லதானே இருக்கறேன்" என்று சிரித்தார்.

வெளியே போகாதே என்றால் வாசற்படி வரை போகலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் மாங்காயோடு வந்திருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீற்றுப் போட்டுக் கொடுத்தேன். என் கத்திக்கு முன்னால் வரிசையே நின்றது. கடைசி மாங்காயும் முடிந்து, கத்தியைத் துடைத்து மடக்கிப் பையில் போடும்போது உள்ளே ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். கிறுகிறுவென்று சுற்றி விளையாடுவதற்காகத் தம்பி ஸ்டூலில் ஏறிச் சேலையை முறுக்கியிருக்கிறான். முறுக்கு அவன் கழுத்தில் இறுகிவிட்டது. கால்விரல்கள் தரையை உரசின, ஊன்றவில்லை. அவனிடமிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவன் எதற்கெடுத்தாலும் தெருவே கேட்கக் கத்துகிறவன்.

ஓடிப்போய் இடுப்பைக் கட்டித் தூக்கினேன். கனம் தாங்கவில்லை. "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். உள்ளே டேபிள் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்து வரவில்லை. வாசலில் நின்ற பிள்ளைகள் மாங்காயைக் கையில் பிடித்தபடி மரமாக நின்றார்கள்.

என் கத்தியை ஒரு கையால் விரிக்க முடியாது. நகத்தை விட்டு இழுக்க இன்னொரு கை வேண்டும். கத்தியை விரிக்க வேண்டுமென்றால் தம்பியை விட வேண்டும். விட்டேன். அவன் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கித் தொங்கியது. 'டக்'கென்று சத்தம் கேட்டது. ஸ்டூலை நிமிர்த்தி ஏறி, அவன் தலைக்கு மேலே முறுக்கில் கத்தியை வைத்து இழுத்தேன். நைலான் லேசில் விடவில்லை. மூன்றாவது இழுப்பில் அறுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

தம்பி இருமினான். பிறகு மூச்சை இழுத்து, வழக்கமான தன் குரலில் ஓவென்று அலறினான். அந்த அலறலில்தான் அப்பா எழுந்து ஓடி வந்தார். திறந்த கத்தியோடு நான், தரையில் தம்பி. அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார்.

"அப்பா, அக்கா என் ஊஞ்சல அறுத்துட்டாப்பா!" என்றான் தம்பி.

அப்பா மேலே தொங்கிய துணியைப் பார்த்தார். தம்பியின் கழுத்தைப் பார்த்தார். சிவப்புக் கயிறு கட்டியதுபோல் தடம் ஓடியிருந்தது. ஓங்கிய கை இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் எதிர் வீட்டு அக்கா ஓடி வந்து, "இன்னாண்ணா உக்காந்துட்டீங்க, எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று ஆட்டோ பிடித்தாள். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். திரும்பி வரும்போது தம்பி ஐஸ்கிரீம் கேட்டான்.

சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவன் கழுத்துத் தடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். கத்தி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவள் அதை வாங்கி, விரித்து, முந்தானையால் துடைத்து, மடக்கித் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீன்ஸ் துணி வெட்டி, என் பாவாடைகள் எல்லாவற்றுக்கும் பட்டன் வைத்து ஆழமான பை தைத்தாள்.

சபைச் செயலாளர் எல்லோர் முன்னாலும் என் தலையில் கை வைத்தார். அந்தக் கோடியில் இருக்கும் நந்திதுர்க் சுரங்க லைன்களிலிருந்துகூடச் சொந்தக்காரர்கள் வந்து கத்தியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். நான் இரண்டு கையாலும் விரித்துக் காட்டுவேன். அந்த வருஷம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. யார் வந்தாலும் கதையை அப்பாதான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆரம்பிப்பார்: "நான் உள்ள தூங்கிக்கினு இருந்தேன்." வந்தவர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், "அப்பறம்? பாப்பா இன்னா பண்ணா?" என்று கேட்பார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "கத்தியில இருந்து ஆரம்பிங்கப்பா. நீங்க தூங்கினது எதுக்கு?"

"அதுவும் நடந்ததுதானேம்மா" என்றார்.

அடுத்து வந்தவரிடமும் அப்படியேதான் ஆரம்பித்தார். அந்த முதல் வார்த்தைகளைச் சொன்னதும் சற்று நிறுத்தி, கேட்கிறவரின் முகத்தையே பார்த்தார். வந்தவரோ என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல கதையை அப்பா ஏன் தூக்கத்தில் ஆரம்பித்துக் கெடுக்கிறார் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.