கடைசி ஓவர் முடியும்வரை வாசலில்

எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். இருந்தும் சென்னை டீமை நாங்கள் ‘நம்ம ஊர் டீம்’ என்றுதான் சொல்கிறோம். ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் அந்த மைதானத்துக்குள் கால் வைத்தவர்கள் ரொம்பக் கம்மி. நான் வைத்ததே இல்லை. ஆனாலும் டீம் தோற்ற மறுநாள் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் பாருங்கள், துக்க வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கும்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். பயந்த சுபாவம். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ஆள். இப்படிப்பட்டவன் கிரிக்கெட் பார்க்கவே கூடாது. மேட்ச் பார்க்கும் எல்லோரிடமும் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நமக்குச் சாதகமாகப் போகும்போது யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும், யாரும் எழுந்திருக்கக் கூடாது, புதிதாக யாரும் உள்ளே வரக் கூடாது, வந்தால் விக்கெட் விழும். மற்றவர்கள் இதை விளையாட்டாகச் சொல்வார்கள். நான் நிஜமாகவே நம்பினேன். அம்மா காபியோடு வந்தால், “அங்கயே நில்லும்மா” என்று கையை நீட்டுவேன். அம்மாவும் டம்ளரோடு அப்படியே நிற்பாள். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தப்பாகவே படவில்லை.

போன சித்திரையில், அதே கம்பெனியில் வேலை செய்யும் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. அப்பா இல்லாத வீடு, அண்ணன் என்கிற முறையில் முன்னால் நிற்க வேண்டியவன் நான்தான். பையன் ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சூப்பர்வைசர். தோழியின் கல்யாணத்தில் தங்கை அவனைப் பார்த்திருக்கிறாள், பிடித்துப்போயிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்து ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் இறக்கையெல்லாம் துடைத்தாள், வாசலுக்குப் புதுத் திரை வாங்கி மாட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணா, அன்னிக்கு மட்டும் டிவிய ஆஃப் பண்ணிடு.”

“அவங்க வர்றதுக்குள்ள மேட்சு முடிஞ்சிடும்மா.”

ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு என்றால் நம் ஆட்கள் ஏழரைக்குத்தானே வருவார்கள் என்பது என் கணக்கு. ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த தாய்மாமன் இரண்டு தடவை அதட்டிவிட்டார்.

“டேய் மாப்ள, அந்த டி-சர்ட்ட கழட்டிட்டு ஒரு நல்ல சட்டையப் போடுடா. உன்ன எவனும் டீம்ல சேக்கப் போறதில்ல.”

“தோ மாமா, ஒரே ஓவர்.”

மாமா தலையில் அடித்துக்கொண்டு, வாழைப்பழம் சரியாகப் பழுத்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார். கடைசி ஓவர். அடித்தால் ஜெயிக்கலாம் என்கிற நிலைமை. நான் ஒரு காலை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அந்தக் கால் மரத்துப்போயிருந்தது. அப்போது வாசல் திரை விலகியது. பையனின் அப்பா வலது காலை உள்ளே வைக்கத் தூக்கினார். பின்னால் பூவும் பழமும் வைத்த தட்டோடு அவர் மனைவி, அவருக்குப் பின்னால் பையன்.

என் கை தானாக நீண்டது.

“அங்கயே நில்லுங்க! யாரும் உள்ள வராதீங்க!”

அவர் காலைப் பின்னுக்கு இழுத்து வெளியே வைத்தார். தட்டு வைத்திருந்த அம்மாள் பதறிப்போய்க் கேட்டது என் காதில் விழுந்தது.

“இன்னாங்க, எதாச்சும் தீட்டா?”

அப்போதுகூட நான் திரும்பவில்லை. பந்து போட்டான், சிக்ஸ். தெருவில் பட்டாசு வெடித்தது. நான் குதித்தேன், மரத்த கால் மடங்கி வாசற்படியில் நின்றவர் காலடியில் விழப் பார்த்தேன். நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் பட்டுப்புடவையோடு தங்கை நிற்பது தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டோடு வெளியே நிற்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா ஓடி வந்து, “வாங்க வாங்க, அவன் சின்னப் பையன் மாதிரிங்க” என்று சமாளித்தார். அந்தச் சின்னப் பையனுக்கு முன்நெற்றியில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள். பையனின் அப்பா என்னிடம் ஒரு வார்த்தைதான் கேட்டார்.

“ஜெயிச்சிட்டாங்களா தம்பி?”

“ஆமாங்க.”

“சந்தோஷம்.”

திட்டியிருந்தால் தேவலை.

பதில் வராத நாட்களில் நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஃபோன் அடிக்கிறதா என்று பார்க்கப் போவேன். தங்கை கம்பெனி பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டாள். கடைசியில் மாமா வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், பையன் பிடிவாதமாக நிற்கிறானாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

“நிச்சயத்துக்குத் தட்டு மாத்த நான்தான் உக்காரணுமாம்.”

“அண்ணன் இருக்கும்போது நீ எதுக்குடா?” என்றாள் அம்மா.

“நல்ல காரியத்துக்கு வந்தவங்கள கை காட்டி நிறுத்தின ஆளு, அதே கையால தட்ட நீட்டணுமான்னு அந்தம்மா கேக்குதுக்கா. நான் இன்னான்னு பதில் சொல்றது?”

ராணிப்பேட்டைக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

“வேணாண்ணா” என்றாள் தங்கை. “நீ போயி இன்னும் எதாச்சும் பேசி வெச்சிடுவ.” கொஞ்ச நேரம் கழித்து, “சாப்டியா?” என்று கேட்டாள்.

வைகாசியில் நிச்சயம் நடந்தது. மண்டபத்தில் நான் உட்கார வேண்டிய ஜமுக்காளத்தில் மாமா உட்கார்ந்தார். “பொண்ணோட அண்ணன் எங்கப்பா?” என்று யாரோ கேட்க, “பந்தியப் பாத்துக்கறான்” என்று பதில் போனது. பொய்யில்லை. பத்திரிகை வாசிக்கும் சத்தம் மைக்கில் வந்துகொண்டிருந்தபோது நான் பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பந்தியில் பையனின் அப்பா உட்கார்ந்தார். நானே ரசம் ஊற்றினேன். என்னை அவர் அப்படியே விட்டுவிடவில்லை, இறங்கி வரத்தான் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

“தம்பி, அடுத்த மேட்சு எப்ப நம்ம டீமுக்கு?”

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே மேட்ச். எதிர் டீம், மைதானம், யாருக்குக் கையில் அடி, எல்லாம் எனக்குத் தெரியும்.

“தெரியலீங்க. அதெல்லாம் நான் இப்ப பாக்கறதில்ல.”

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இலைப் பக்கம் குனிந்து, “மோர் இருந்தா குடுங்க” என்றார்.