கண்ணுக்குரிய பங்கு

யோஸ்காத் ஊரில் புதிதாக ஒரு குழந்தைக்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்று தெரிந்தால், மருத்துவமனை நர்ஸ் முதலில் கூப்பிடுவது குலிஸாரைத்தான். அந்த நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அவள்தான் துணை. துணை என்றால் தோளைத் தட்டிக் கண்ணீர் துடைக்கிற துணை இல்லை, அவள் வாய் அப்படி. அவள் வந்துபோன பிறகு தாய்மார்கள் அவளை வாயார வைவார்கள். பிள்ளையை மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வாய் அவளுக்குச் சும்மா வரவில்லை. அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அவள் முதலில் பெற்ற மகள் எல்மாஸ். பொன்னிற முடி, வெள்ளை வெளேரென்ற தோல். தெருவே கூடி மாஷா அல்லாஹ் சொல்லி, கண்ணேறு படாமல் நீலமணி குத்திவிட்டுப் போனது. அந்த முடியே நோயின் அடையாளம் என்று யார் கண்டது? வீட்டிலேயே பிறந்தவள், குதிகாலில் குத்திச் சோதனைக்கு ரத்தம் எடுக்க யாரும் வரவில்லை. முட்டை, தயிர், எலும்புச் சாறு என்று குலிஸார் ஆசை ஆசையாக ஊட்டினாள். ஊட்டியதில் இருந்த புரதச் சத்து செரிக்காமல் ரத்தத்தில் தங்கி, மகளின் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. எல்மாஸுக்கு இப்போது இருபது வயது. பேச்சு கிடையாது, இடுப்பில் துணி கட்டித்தான் வெளியே அழைத்துப் போக வேண்டும். அடுத்துப் பிறந்தவனுக்கும் அதே நோய்தான். ஆனால் பிறந்த வாரமே கண்டுபிடித்துப் பத்தியத்தில் வைத்தார்கள். அவன் பள்ளியில் கணக்கில் முதல் ஆள்.

இந்த முறை நர்ஸ் கூப்பிட்டது நெர்மினுக்காக. அவளுடைய இரண்டு வயது மகள் நாஸ்லியின் ரத்தத்தில் அந்தச் சத்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. தாயோ பத்தியம் தவறவில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

"நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்கக்கா. இப்படியே போனா அந்தப் புள்ளையும் உங்க எல்மாஸ் மாதிரி ஆயிடும்."

பலிப் பெருநாளின் இரண்டாம் நாள். குலிஸார் எல்மாஸையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நெர்மின் வீட்டு முற்றத்தில் பெரிய சட்டியில் ஆட்டிறைச்சி வறுபட்டுக்கொண்டிருந்தது. கிளறிக்கொண்டிருந்தவள் நெர்மினின் நாத்தனார் ஹாஜர். நெர்மின் ஒரு மூலையில் மருத்துவமனை கொடுத்த பத்திய மாவில் மகளுக்குத் தனி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மகளோ சட்டிக்குப் பக்கத்தில் வாய் பிளந்து நின்றது. ஹாஜர் ஒரு துண்டை எடுத்து ஊதி ஆற்றினாள்.

"கையை எடு!" என்று கத்தினாள் குலிஸார்.

ஹாஜர் திடுக்கிட்டாள். "ஏன்மா கத்துற? புள்ள கண்ணால பாத்துடுச்சுல்ல? கண்ணுக்குரிய பங்கைக் குடுக்கலைன்னா அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடுமா? நகத்தளவுதானே!"

"இன்னிக்கு மட்டுமா?"

"அடுப்புல சட்டி ஏறுற அன்னிக்கெல்லாம்தான். புள்ள வாயைப் பாத்துக்கிட்டு நிக்க, நமக்குத் தொண்டையில இறங்குமா? ஒனக்கு இறங்கும்போல."

குலிஸார் நெர்மினிடம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமாடி?"

நெர்மின் தலையைக் குனிந்துகொண்டாள். "என்னக்கா செய்யுறது? அவருக்கு மூத்தவங்க. அவங்க கையை நான் எப்படித் தட்டிவிடுவேன்? அதுவும் பெருநாளும் அதுவுமா..."

"அப்ப நேத்தே ஆட்டோட சேத்து இவளையும் அறுத்திருக்கலாமே! எதுக்கு இந்த ரொட்டி?"

"அடிப்பாவி, வாயைக் கழுவு!" ஹாஜர் பதறிப்போனாள்.

குலிஸார் எல்மாஸைக் கொண்டுவந்து சட்டிக்கு எதிரே உட்கார வைத்தாள். "இவளும் பாத்துட்டா. ஊட்டுங்க. இவகிட்ட கெட்டுப்போக இனி ஒண்ணும் மிச்சமில்ல."

ஹாஜர் இன்னொரு துண்டை எடுத்து ஆற்றினாள். பங்கு பங்குதானே, ஊட்டினாள். எல்மாஸின் கடைவாயில் எச்சில் ஒழுகிக் கழுத்துவரை வழிந்தது. நெர்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திருப்பாதடி. நல்லாப் பாரு. இவளும் உன் மக மாதிரிதான் மஞ்ச முடியோட பொறந்தா. நானும் பாசமாத்தான் ஊட்டினேன்."

நெர்மின் அழுதாள். அழுகையெல்லாம் குலிஸார் எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று. அதை நம்பி அவள் எழுந்து போகிறவள் இல்லை.

அப்போதுதான் எல்மாஸ் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த நாஸ்லியைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட மரியாதை ஒன்றே ஒன்றுதான். மென்ற துண்டில் பாதியை வாயிலிருந்து எடுத்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையின் வாய்க்கு நேராக நீட்டினாள். நாஸ்லி வாயைத் திறந்தது.

நெர்மின் பாய்ந்து வந்து அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். இறைச்சி சாம்பலில் விழுந்தது. எல்மாஸ் தன் கையைப் பார்த்தாள், நெர்மினைப் பார்த்தாள், பிறகு வீடே அதிர ஓலமிட்டாள்.

"ஐயையோ! ஒண்ணும் அறியாத புள்ளைய அடிச்சிட்டியேடி!" என்று ஹாஜர் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

குலிஸாருக்கு நெர்மினின் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல் வந்தது. வைக்கவில்லை. அடித்த அந்தக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்படித்தான். இனி யாரு கை நீட்டினாலும் இப்படித்தான் அடிக்கணும். மூத்தவங்க கையா இருந்தாலும்."

ஹாஜர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

தெருவில் இறங்கிய பிறகும் எல்மாஸின் அழுகை அடங்கவில்லை. சிவந்துபோன கையை அம்மாவிடம் நீட்டிக்கொண்டே வந்தாள். குலிஸார் அதை ஊதிக்கொண்டே நடந்தாள்.