நனையாத சீலை

சுவிஸில், எங்கள் ஓஸ்டர்முண்டிகன் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய நூல்சீலைத் துண்டு தொங்குகிறது. நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டாகக் கட்டிக் குளிப்பதற்கு. பூட்டிய அறைக்குள் தனியே நிற்கும்போதும் அது இல்லாமல் எனக்குக் குளிக்கத் தெரியாது. யப்பானுக்குப் போய் நனையாமலே திரும்பி வந்ததும் இதே சீலைதான்.

மகளுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பேர்ணில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவள் நான். மருந்து மணமெல்லாம் பழக்கம்தான். ஆனால் என் பிள்ளையைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனபோது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அவளோ அதன்பிறகு கழுத்துவரை மூடிய சட்டையோடே திரிந்தாள். நீச்சலை விட்டாள். தழும்பை எனக்கும் காட்டவில்லை. படிப்பு முடிந்ததும் யப்பானுக்குப் போக ஆசைப்பட்டாள். அங்கே வெந்நீர் ஊற்றுகளில் பெண்கள் எல்லோரும் ஒன்றாக, உடுப்பில்லாமல்தான் இறங்குவார்களாம். அதனால் அறைக்குள்ளேயே தனிக் குளியல் இருக்கும் விடுதியாகத் தேடி எடுத்தாள். கொஞ்ச நேரம் குளிக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இருந்தும் தனியே விட மனமில்லாமல் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் மரவீடு. பாய் விரித்த அறைக்கு அப்பால் ஒரு கதவு. அதற்குள் மரத்தொட்டி, ஓயாமல் விழும் ஊற்றுநீர், அதன் கந்தகத்தில் அவித்த முட்டையின் மணம். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்த, நான் வெளியே குந்தியிருந்தேன். நீரின் சத்தம் சற்று மாறியது. தட்டினேன்.

"பிள்ளை, இருக்கிறியோ?"

"இருக்கிறன்."

திரும்பவும் தட்டினேன்.

"அம்மா, இது உங்கட ஸ்பிட்டல் இல்லை. சாப்பாடு கொண்டந்த மாதிரித் தட்டாதேங்கோ."

"தலை சுத்துதோ?"

"உங்களாலதான் சுத்துது. சரி, உள்ள வாங்கோ."

சீலையைக் கட்டிக்கொண்டு போனேன். தொட்டிக்குள் முதுகு காட்டி இருந்தவள் தலையை மட்டும் திருப்பிச் சிரித்தாள்.

"ஐயோ, அதோட இறங்கேலாது. துணி தண்ணியில படக்கூடாதாம்."

"உரிஞ்சுபோட்டு இறங்கிறதோ? எனக்கு வெக்கமா இருக்கு."

"இஞ்ச ஆர் பாக்கினம்?"

"நீ இருக்கிறாய்தானே."

"எனக்கும் அப்பிடித்தான் அம்மா இருக்கு."

வளர்ந்தபிறகு என் தாய்கூடக் கண்டிராத உடம்பு இது. சீலையை அவிழ்த்து, மடித்து, கதவோரம் வைத்தேன். அங்கத்தைய வழக்கப்படி மணையில் குந்தியிருந்து உடம்பைக் கழுவிவிட்டு மெல்ல இறங்கினேன். அவள் திரும்பினாள். என் அடிவயிற்றில் கிடந்த பழைய தையல் கோட்டில் அவள் பார்வை நின்றது.

"இது நானோ?"

"ஓம், நீதான். வெளிய வரமாட்டன் எண்டு அடம்பிடிச்சு நிண்டனி."

சிரித்தபடி நிமிர்ந்தாள். அப்போதுதான் கண்டேன். நெஞ்சின் நடுவே, ஒரு வருடமாக நான் நினைத்து நினைத்துப் பயந்ததைவிட மெல்லிய கோடு. தொட்டியின் விளிம்பால் நீர் வழிந்துகொண்டிருந்தது.

இப்போது அவளுக்கு ஏரிக்கரை நகரான நொஷாட்டலில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள்.

"அம்மா, லேக்கில நீந்தப் போறன்."

"தனியவோ?"

"இல்லை, வேலையாக்களோட. புது நீச்சலுடுப்பு வாங்கினனான். கழுத்து இறங்கினது."

குளிர், ஆழம், இருதயம் என்று நாக்குவரை வந்த எல்லாவற்றையும் விழுங்கினேன். "பெரிய துவாயாக் கொண்டு போ" என்றேன்.

பிறகு குளிக்கப் போனேன். சீலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். தண்ணீரைக் கொஞ்சமாகவே திறந்தேன். தொலைபேசி அடித்தால் கேட்க வேண்டுமே.