பிரசவ வார்டு போன் செத்துப்போன திங்கட்கிழமை

கோவில்பட்டியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு முப்பத்தாறு மேசை போன்கள் மாட்டினேன். பழைய போன்களுக்கென்று தனி வயர் இருந்தது. புதியவை இன்டர்நெட் கேபிளில் ஓடுபவை. கம்ப்யூட்டர் போகிற அதே கேபிளில் பேச்சும் போகும். மூன்று மாடி, ஒரு லேப், ஒரு ஸ்கேன் அறை, இரண்டாம் மாடியில் பிரசவ வார்டும் ஆபரேஷன் தியேட்டரும்.

நான் தனியாளாகத்தான் இந்தத் தொழிலைச் செய்து வந்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்தேன். கல்யாணம் முறிந்த பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் கழுகுமலைக்குத் திரும்பிவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்களில் கேமரா மாட்டுவேன், புதியம்புத்தூர் தையல் யூனிட்டுகளில் பில் போடும் கம்ப்யூட்டரைச் சரிசெய்வேன். ஒரு ஆஸ்பத்திரியின் மொத்த போனையும் நம்பி என்னிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் அந்த முப்பத்தாறு நம்பர்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன்.

சனிக்கிழமை போன்களை மேசைகளில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு, அதன் வேலையைச் செய்யும் புதிய பெட்டியை சர்வர் அறையில் ஓடவிட்டேன். இந்த போன்கள் கரண்ட் வந்ததும் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: என் முகவரி என்ன? பெட்டி ஒரு முகவரியைக் கொடுக்கும். அந்த முகவரி சரியாக இருந்தால்தான் போன் பேசும். ஞாயிறு சாயங்காலம் முப்பத்தாறும் பேசின. ஒவ்வொரு மேசைக்கும் நானே போய், ரிசீவரை எடுத்து, வரவேற்பில் இருந்த பெண்ணோடு, "கேக்குதா?" "கேக்குதுக்கா" என்று பேசிப் பார்த்தேன். அன்று மனசு நிறைந்துதான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சர்வர் அறைக்கு பேட்டரி இருந்தது. மாடிகளில் போன்களுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கு இல்லை. எல்லா போன்களும் அணைந்து, திரும்ப உயிர் பெற்றன. அப்படி உயிர் பெற்றவற்றில் பாதி பேசவில்லை.

மேனேஜர் என்னைத் தேடி வந்தார். ஊரில் பழைய கடைக்காரக் குடும்பத்து ஆள், எல்லாருக்கும் அண்ணாச்சி.

"என்னம்மா, பார்மசி போன எடுத்தா ஒரு சத்தமும் இல்ல. ஓ.பி.யிலயும் அப்பிடித்தான்."

"பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி. பத்து நிமிசம் கொடுங்க."

பார்மசி போனை அணைத்துப் போட்டேன். வந்துவிட்டது. ஓ.பி. போனை அணைத்துப் போட்டேன். வரவில்லை. மறுபடியும் போட்டேன். வந்தது. எக்ஸ்ரே அறை போனை நாலு தடவை போட்டும் வரவில்லை. இதில் எந்த ஒழுங்கும் எனக்குப் புலப்படவில்லை. ஒரு வியாதிக்கு ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்டு ஒருவருக்குக் கேட்காமல் போவதுபோல் இருந்தது. பெட்டியை விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். எங்கோ வேறு ஊரில் ஒருவர் நிதானமாக, "மேடம், எல்லாத்தையும் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றார்.

அதைச் செய்திருக்கக்கூடாது. ஆனால் செய்தேன். ஒவ்வொரு போனாகப் போவதற்குப் பதில், ஒவ்வொரு மாடியின் சுவிட்ச் பெட்டியையும் அணைத்துப் போட்டேன். இரண்டாம் மாடியில் அதுவரை பிரசவ வார்டு போன் பேசிக்கொண்டுதான் இருந்தது. நான் கை வைத்த பிறகுதான் அது செத்தது. திரும்பி வந்து அதைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த மாடிக்கு ஓடிவிட்டேன்.

பதினொன்றரை மணிக்குத்தான் புத்தி வேலை செய்தது. பேசாத ஒரு போனை எடுத்து, அதன் திரையில் என்ன முகவரி இருக்கிறது என்று பார்த்தேன். என் பெட்டி கொடுத்த வரிசை இல்லை. கடையில் வாங்கி வீட்டில் மாட்டுகிற எந்த வைஃபை ரவுட்டரும் கொடுக்கும் சாதாரண வரிசை. கட்டிடத்துக்குள் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. போன் முகவரி கேட்கும்போது என் பெட்டியும் பதில் சொல்கிறது, அதுவும் பதில் சொல்கிறது. எது முந்துகிறதோ அதன் பேச்சைத்தான் போன் கேட்கும்.

யாரோ ரவுட்டரைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள். எனக்கு உடனே லேப் டெக்னீஷியன் பாய் ஞாபகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். வேலை தொடங்கும் முன் நான் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, தன் அறையில் நெட் வரவில்லையென்று வீட்டு ரவுட்டர் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். கழற்றிவிடுங்கள் என்று அப்போதே சொல்லியிருந்தேன்.

லேப் வாசலில் ரத்த டெஸ்டுக்கு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போன வேகத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"பாய், அந்த ரவுட்டர இன்னும் கழத்தலையா? உங்களால ஆஸ்பத்திரி போன் பூரா நின்னு கிடக்கு."

"நான் அன்னைக்கே வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்மா."

"பொய் சொல்லாதீங்க. இங்கனதான் இருக்கு."

அவர் கையில் இருந்த ரத்த சாம்பிள் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் அவர் மேசைக்குக் கீழே குனிந்து, அலமாரியைத் திறந்து, கேபிளைப் பிடித்து இழுத்துத் தேடினேன். எதுவும் இல்லை. தலை நிமிர்ந்தபோது முழங்காலெல்லாம் தூசி. பெஞ்சில் இருந்த ஒரு அம்மா பக்கத்து ஆளிடம், "என்ன களவு போச்சாம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்காமலே வெளியே வந்தேன்.

மாடிப்படியில் இறங்கி ஓடிவந்த தலைமை நர்ஸ் என்மேல் மோதினார். மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா எங்க? போன எத்தன தடவ அடிக்கது? ஒரு எழவும் கேக்கல."

"என்ன சிஸ்டர்?"

"பிள்ள பெத்தவளுக்கு ரத்தம் நிக்கல."

அவர் ஓ.பி. பக்கம் ஓடினார். தியேட்டர் பக்கம் செல்போனுக்கு டவர் கிடைக்காது. வார்டுக்குள் நர்ஸுகள் செல்போன் வைத்துக்கொள்ளவும் கூடாது. அங்கே இருந்தது அந்த ஒரு மேசை போன்தான். அவர் அதில் லேபுக்கு அடித்திருக்கிறார், ஓ.பி.க்கு அடித்திருக்கிறார், வரவேற்புக்கு அடித்திருக்கிறார். நம்பரைத் தப்பாகப் போட்டோமோ என்று சுவரில் நான் ஒட்டிய பட்டியலைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஓடிவந்திருக்கிறார்.

நான் மேலே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வார்டு வாசலில் இன்னொரு நர்ஸ் ரத்தம் எடுத்த ஒரு சின்னக் குழாயையும் சீட்டையும் நீட்டினாள்.

"லேபுக்குக் கொண்டுபோங்கக்கா, சீக்கிரம். ரெண்டு யூனிட்டுன்னு சொல்லுங்க."

லிப்டுக்கு நிற்கவில்லை. படியில் இறங்கும்போது அந்தக் குழாய் உள்ளங்கையில் சூடாக இருந்தது. லேபுக்குள் போய், சற்று முன்னால் நான் பொய் சொல்லாதீர்கள் என்று கத்திய அதே மனிதர் கையில் அதைக் கொடுத்தேன். "ரெண்டு யூனிட். இரண்டாம் மாடி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார். "பொருத்தம் பாக்கணும். மேல போயி, நான் ஆரம்பிச்சுட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

அதைச் சொல்ல மேலே ஓடினேன். மேலேயிருந்து, "ரெண்டு பத்தாது, நாலு கேளுங்க" என்ற செய்தியோடு கீழே ஓடினேன். "மூணுதான் இருக்கு, நாலாவதுக்கு ஆள் அனுப்பியாச்சு" என்ற பதிலோடு மேலே ஓடினேன். முப்பத்தாறு போன்கள் மாட்டிய ஆஸ்பத்திரியில், ஒரு சொல் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போக என் இரண்டு கால்கள்தான் இருந்தன. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கைப்பிடியைப் பிடித்து எழுந்து மறுபடியும் ஓடினேன்.

தியேட்டர் வாசலில் அந்தப் பெண்ணின் புருஷன் நின்றான். புதூர் பக்கத்துக் கிராமம். ஆடு மேய்க்கிற குடும்பம் என்று பிறகு தெரிந்தது. சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும், "எக்கா, என்ன சொல்லுதாக? எக்கா, என்ன சொல்லுதாக?" என்றான். என்னை நர்ஸ் என்று நினைத்தான்.

ரத்தம் மேலே போனதும் சர்வர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். கம்ப்யூட்டரிலிருந்து அந்தத் தப்பான ரவுட்டரைத் தொடர்ந்து கூப்பிடும்படி செய்துவிட்டு, ரேக்கிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினேன். எதை உருவும்போது அந்த ரவுட்டர் பதில் சொல்வதை நிறுத்துகிறதோ, அதன் மறுமுனையில் அது இருக்கிறது. பதினேழாவது கேபிளில் நின்றது. ஸ்கேன் அறை.

ஸ்கேன் அறைக்குப் போகிற வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வேறு ஏதாவதாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். என் ரவுட்டர். அதன் முதுகில் பேனாவால் என் போன் நம்பரை நானே எழுதி ஒட்டியிருந்த சீட்டு.

சனிக்கிழமை புதிய பெட்டி ஓடத் தொடங்கும் முன், போன்களுக்கு மென்பொருளைப் புதுப்பிக்க அதை நான்தான் அங்கே சொருகினேன். அன்று அந்த அறையை அடைத்தவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். ஞாயிறு முழுக்க அது இருட்டில் கிடந்ததால்தான் என் சோதனைகள் எல்லாம் நன்றாக முடிந்தன. திங்கட்கிழமை காலையில் அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டதும் அதுவும் உயிர் பெற்றது. கரண்ட் போய் வந்ததும் எல்லா போன்களுக்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. மாடிகளை ஒருதரம் அணைத்துப் போட்டதும் முப்பத்தாறு போன்களும் வந்தன. மேனேஜர் அண்ணாச்சி வந்து, "என்னம்மா, என்னதான் ஆச்சு?" என்றார்.

"ஒரு கேபிள் கோளாறு அண்ணாச்சி."

அப்படித்தான் சொன்னேன். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

மூன்று மணிக்கு மேல் தலைமை நர்ஸ் கைகழுவும் இடத்தில் நின்றிருந்தார். தாய் உயிர் பிழைத்துவிட்டாள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது, பெண் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். முதல் பிரசவம்.

நான் அவரிடம்தான் முதலில் சொன்னேன். ரவுட்டரையும் எடுத்துக் காட்டினேன். பிறகு கேட்டேன்: "போன் பேசியிருந்தா கர்ப்பப்பைய எடுக்காம இருந்திருக்கலாமா சிஸ்டர்?"

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்தார்.

"ஏழெட்டு நிமிசம் போச்சு. அந்த ஏழெட்டு நிமிசம் இருந்தா நின்னிருக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. போன் நல்லா இருந்தே நாலு பேருக்கு எடுத்திருக்கு. அதுக்காக ஒண்ணுமில்லன்னு ஒன்ட்ட பொய் சொல்லமாட்டேன்."

அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "சொன்னது நல்லது. ஆனா இது இந்த ரூமைத் தாண்டக்கூடாது, கேட்டீங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் என்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை, லேபில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். முந்தின நாள் எத்தனை பேர் முன்னால் கத்தினேனோ அத்தனை பேராவது இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

"பாய், அந்த ரவுட்டர் என்னோடது. நான்தான் மறந்து வச்சுட்டேன். உங்களப் பொய் சொல்லுதீங்கன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் ஒரு சின்னப் பிள்ளையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். "சரிம்மா" என்றார். "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, வெளிச்சம் மறைக்குது."

அந்த வாரம் முழுக்க நான் போய்க்கொண்டிருந்தேன். மாடி சுவிட்சுகளுக்கு பேட்டரி வைத்தேன். வேறு எந்த ரவுட்டர் சொருகினாலும் பதில் சொல்ல முடியாதபடி தடுத்தேன். முதல் நாளே செய்திருக்கவேண்டியவை எல்லாம்தான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். இருபத்திரண்டு வயது சொல்லலாம். நான் வார்டு மேசையில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன் குழந்தையை வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவளிடம், "இந்த அக்காதான் ஒனக்கு ரத்தத்துக்கு ஓடுனாக" என்றான்.

அவள் கும்பிட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்ததும் உண்மை. ஆனால் பதிலுக்குக் கும்பிடத்தான் செய்தேன்.

"எக்கா, இந்த போன்ல எங்க ஊருக்குப் பேசலாமா? அவிய போன்ல சார்ஜ் இல்ல. அம்மாட்ட கெளம்புதோம்னு சொல்லணும்" என்று கேட்டாள்.

நம்பரைக் கேட்டு நானே அழுத்திக் கொடுத்தேன். மறுமுனையில் காற்றுச் சத்தமும் ஆட்டுச் சத்தமும் கேட்டன. அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். பிள்ளை யார் சாடை, கார் எத்தனை மணிக்கு வரும், கஞ்சி வைத்துவிடு என்றெல்லாம் பேசினாள். பிறகு அதே குரலில், "இனிமே பிள்ள கெடையாதாம்மா. எடுத்துட்டாக. அழாத, அழாதம்மா, நான் நல்லாத்தான இருக்கேன்" என்றாள்.

ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "பக்கத்துல இருந்து பேசுன மாதிரியே கேட்டுச்சுக்கா" என்றாள். நான் வாங்கி வைத்தேன். அவர்கள் லிப்டுக்குப் போனார்கள். வெளியே கரிசல் காட்டுக் காற்று ஜன்னலில் தூசியை அடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் ஊர் எதுவென்று எனக்குத் தெரியும். கழுகுமலையிலிருந்து ஸ்கூட்டரில் இரண்டு தடவை அந்தப் பக்கம் கிளம்பியிருக்கிறேன். இரண்டு தடவையும் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.