ஆனந்தவல்லி மண்ணில் இறக்கிய செடிகள்

தென்மேற்குக் காற்று பலமாக அடித்த ஒரு மத்தியானம், கறிவேப்பிலை நட்ட பெயிண்ட் வாளி ஒன்று எங்கள் வீதியில் உருண்டு வந்தது. அதன் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். நான் காலால் வாளியைத் தடுத்து நிறுத்தினேன். ஆனந்தவல்லி எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

தாராபுரத்துப் பக்கத்துக்காரி. ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பழைய பலகை வீட்டின் முன்பாதியில் அவளும் அவள் கணவர் தண்டபாணியும் வாடகைக்கு இருந்தார்கள். அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. தண்டபாணி ஊரில் மின்வாரியத்து எஞ்சினியர். அந்த வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கம்பெனிக்கு வேலை விசாவில் வந்தவர். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருப்பது என்றால் சும்மா இல்லை. மனிதர் சுவரில் ஆணி அடிக்க மாட்டார். காலண்டரைக்கூட டேப் போட்டுத்தான் ஒட்டியிருந்தார். பஸ்ஸில் டிரைவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவர் அரசாங்கத்தைப் பார்த்துப் பயப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனால் பயந்தார். திரும்பிப் போக அவருக்கு ஊரில் வேலை இல்லை.

இந்தப் பயம்தான் ஆனந்தவல்லியின் செடிகளை வாளியில் வைத்திருந்தது. விசா வரும்வரைக்கும் எதையும் தரையில் நடக்கூடாது என்பது அவர் சட்டம். வாடகை மண், போகச் சொன்னால் செடியும் கூட வரவேண்டும் என்பார். மிளகாய், கத்தரி, புதினா எல்லாம் வாளியில் நின்று வாடின. காலையில் தண்ணீர் ஊற்றினால் மாலையில் காய்ந்துவிடும். காடு கழனி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வாளியில் வளர்ப்பது பிள்ளையைக் கட்டிலில் கட்டிப்போட்டு வளர்ப்பது போல என்று என்னிடம் அடிக்கடி புலம்புவாள்.

அதே வீட்டின் பின்பாதியில் கிரெக் என்ற வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். கூரை வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனவர். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். வாளிகளை ஆனந்தவல்லிக்குக் கொடுத்தவரும் அவர்தான். அந்தத் தெருவில் அவளைக் கண்டால் நின்று ஒரு வார்த்தை சொல்லும் ஆள் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். அவளுக்கு அது பாதி விளங்காது, சிரித்துக்கொண்டு நிற்பாள்.

கிறிஸ்மஸுக்குத் தங்கை வீட்டுக்குப் போகும்போது, கராஜுக்குப் பின்னால் தன் செடிகள் இருக்கின்றன, தண்ணீர் ஊற்ற முடியுமா என்று கேட்டார். என்ன செடி என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. போய்ப் பார்த்தால் நாலு வாளியில் விரல் விரித்த மாதிரி இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. கடல் கடந்து வந்த இடத்தில், வெள்ளைக்காரன் வீட்டுக் கொல்லையில், புளிச்சக்கீரை.

ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சமையலில் அந்தக் கீரை கிடையாது. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வதக்கிப் போட்டுக் கடைந்து, சுடுசோற்றில் பிசைந்தால் எப்படி இருக்கும் என்று அவள் வர்ணித்ததில் எனக்கே வாய் ஊறியது.

"இது அதுதானோ என்று எனக்குத் தெரியாது, ஆனந்தி. நாங்கள் உந்தக் கீரை சமைக்கிறேல்லை" என்றேன்.

அவள் இலையை வாயில் போட்டு மென்றாள். முகம் சுருங்கியது. புளிப்பு இல்லை, கசந்தது. வேறு யாராவது என்றால் இது வேறு செடி என்று அங்கேயே விட்டிருப்பார்கள். இவள் அப்படி யோசிக்கவில்லை. அவளுக்கு எல்லாக் குற்றமும் வாளியின் குற்றம். வாளி மண்ணில் கீரைக்குப் புளிப்பு ஏறாது, தரையில் இறக்கினால் தானாகப் புளிக்கும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அன்று பின்னேரமே வேலியோரம், வெயில் நன்றாக விழும் இடத்தில், குழி பறித்தாள். களிமண். தேங்காய்ப்பூச் சக்கையும் வாழைப்பழத் தோலும் போட்டு மண்ணைப் பதமாக்கி, நாலையும் வரிசையாக நட்டாள். தண்டபாணி வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். கிரெக்கின் செடிதானே, நம்முடையது இல்லையே என்று அவள் சமாதானம் சொன்னாள். சட்டத்தில் அப்படி ஓர் ஓட்டை இருந்ததை எஞ்சினியர் யோசிக்கவில்லை. கிரெக் வந்ததும் பெரிய செடியாகக் காட்டி அசத்த வேண்டும் என்பது அவள் ஆசை. ஆக்லாந்து மண்ணில் அவள் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஜனவரி கடைசியில் கிரெக் திரும்பி வந்தபோது செடிகள் இடுப்புக்கு மேல் நின்றன. அவர் வேலியோரம் வந்து பார்த்தவர், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தண்டபாணியைக் கூப்பிட்டு மெதுவாக விளக்கினார். அது கஞ்சா. முதுகு வலிக்கு டாக்டர் தரும் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. இரவில் இதுதான் அவரைத் தூங்க வைக்கிறது. தரையில் வைத்தால் இப்படித் தழைக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வாடகை வீடு. வாளி என்றால் வீடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்காரரின் ஏஜென்ட் வரும் நாளில் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். மண்ணில் வேர் விட்டதை எங்கே கொண்டுபோவது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே இரண்டு ஆண்களும் வாளி விஷயத்தில் ஒரே கட்சியாக இருந்திருக்கிறார்கள்.

ஆனந்தவல்லி முதலில் கேட்டது, தான் மென்ற இலையால் பைத்தியம் பிடிக்குமா என்பது. இல்லை என்று தெரிந்த பிறகுதான் அழுதாள்.

தண்டபாணிக்குக் கண்ணில் தெரிந்தது விசா ஒன்றுதான். கிரெக்கின் செடி, ஆனால் இருப்பது இவர்கள் பக்கத்து மண்ணில், நட்டது இவர் மனைவி. ஒரு போலீஸ் கேஸ் போதும், விண்ணப்பம் குப்பைக்குப் போகும். உடனே பிடுங்கச் சொன்னார். இந்த வெயிலில் மறுபடி வாளிக்கு மாற்றினால் செத்துவிடும், மார்ச் கடைசியில் அறுத்துக்கொள்கிறேன், அதுவரைக்கும் விடுங்கள் என்று கிரெக் கெஞ்சினார்.

முடிவு சொன்னது ஆனந்தவல்லி. "அவரு பொருளை அவரைக் கேக்காம எடுத்து நட்டது என்னோட தப்புங்க. இப்பப் பிடுங்கிப்போட்டா அது ரெண்டாவது தப்பு" என்றாள். மனைவி அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு மனிதர் படாத பாடு பட்டார். மாசி மாதத்தில் கஞ்சாத் தோட்டம் தேடி மலைப்பக்கம் போலீஸ் ஹெலிகாப்டர் பறக்கும். அதன் சத்தம் கேட்டால் இவர் ஈரத் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடி, செடிகளை மறைத்துக் கயிறு கட்டிக் காயப்போடுவார். பாவம் என்று இருந்தது, சிரிப்பும் வந்தது. ஆனந்தவல்லி செடிப்பக்கம் திரும்ப மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாள். ஆனால் அரிசி கழுவின தண்ணீர் மட்டும் தினமும் அங்கேதான் போனது.

அப்போதுதான் வீட்டு ஏஜென்ட் மாறி, புதியவர் இரண்டு நாளில் வீடு பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. கிரெக் முதுகுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தண்டபாணி காய்கறிக் கத்தியோடு போனார். அவள் செடிக்கு முன்னால் நின்றுகொண்டாள். கிரெக்குக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். நாளைக்கு விடுவார்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த நாளைக்கு ஆள் வரவில்லை.

ஏஜென்ட் வரும் காலை, ஆங்கிலத்துக்குத் துணையாக என்னைக் கூப்பிட்டிருந்தாள். போய்ப் பார்த்தால் நாலு செடியின் அடியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. வேலை தண்டபாணியுடையது. தைப்பூசத்துக்குக்கூடக் கைகூப்பாதவர் கஞ்சாச் செடியைத் துளசி மாடமாக்கி வைத்திருந்தார். ஆனந்தவல்லி குளித்துவிட்டு வந்து அதைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். குங்குமத்தை அழிக்கப் போன நேரம் வாசலில் கார் வந்து நின்றது.

ஷெரில் என்று பெயர், ஐம்பது தாண்டிய பெண்மணி. வீட்டைச் சுற்றி வந்து வேலியோரம் நின்றார். இது உங்கள் சமயத்துச் செடியா என்று கேட்டார். தண்டபாணி யெஸ், யெஸ் என்று இரண்டு தடவை தலையாட்டினார். ஷெரில் ஆனந்தவல்லியைப் பார்த்து அதையே திரும்பக் கேட்டார்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலச் சொல் யெஸ். கடையில், பஸ்ஸில், டாக்டரிடம், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

"நோ. நோ காட். மை மிஸ்டேக். ஐ புட்" என்றாள்.

தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் கீரைக் கதையைச் சொன்னேன். கசந்த இலை, புளிப்பு ஏறாத வாளி, விசா எல்லாம். செடிக்காரர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஷெரில் அதைக் கேட்கவுமில்லை. குங்குமத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சமையலறை பார்க்க வேண்டும், குசினி பார்க்க எனக்கு நிறைய நேரம் எடுக்கும் என்றார். உள்ளே வந்து, முதுகை ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, தேநீர் கிடைக்குமா என்று என்னைக் கேட்டார்.

நான் தேநீர் போட்டபடி ஜன்னலால் பார்த்தேன். புருஷனும் பெண்சாதியும் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார்கள். இலைதான் கையோடு வந்தது. கோடையில் இறுகிய களிமண் வேரை விடவில்லை. அவள் மண்டியிட்டுக் கரண்டியால் தோண்டினாள். அந்த நேரம் டாக்ஸியில் கிரெக் வந்து இறங்கினார். ஊன்றுகோலோடு நடந்து வந்து பார்த்தார். கராஜுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்து தண்டபாணியிடம் கொடுத்தார். ஷெரில் அலமாரி ஒவ்வொன்றாகத் திறந்து, பெருங்காய டப்பாவை முகர்ந்து, இது என்ன என்று விசாரித்து, இரண்டாவது கோப்பையும் குடித்தார்.

அவர் வெளியே வந்தபோது, அறுப்புக்கு முன்னாலேயே பிடுங்கிய செடிகள் குப்பைப் பைக்குள் போயிருந்தன, வேலியோரம் நாலு குழிதான் இருந்தது. புல் விதை கொஞ்சம் தூவி விடுங்கள், மற்றபடி வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

ஆனந்தவல்லி குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். தண்டபாணிக்கு விளங்கவில்லை.

"ஏன் அழுகறே வல்லி? விசாவுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"நல்லா வந்துச்சுங்க" என்றாள் அவள். "எத்தனை நல்லா வந்துச்சு. அவரு இனி ராத்திரிக்கு என்னங்க பண்ணுவாரு?"

என்ன சொல்கிறாள் என்று கிரெக் என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் புல்லில் உட்காரப் பார்த்தார். முதுகு வளையவில்லை. அவள் அழுது முடிக்கும்வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.