அறுபத்து மூன்றரைக் கிலோ

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குக் காரில் போன ஒரு காலையில் நடந்தது இது. ஒரு மணி நேரப் பயணம்தான். இன்றைக்கும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால், பி.முட்லூர் நெருங்கும்போது நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், இளவயதில் குத்துச்சண்டை வீரர். எங்கள் மாவட்டத்தில் பெரிய பெயர். அவருக்குச் சரியான எதிராளி சிதம்பரத்துக்காரர் ஒருவர். இப்போது அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். இருவரும் மூன்று முறை மோதியிருக்கிறார்கள். முதலாவதில் மாமா ஜெயித்தார். மற்ற இரண்டும் பாய்க்குப் போயின. பிறகு மாமாவுக்குக் கல்யாணம், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. பாய் சவூதிக்குப் போய்விட்டார். அவர்கள் இருவரும் அதை அத்துடன் விட்டுவிட்டார்கள். நாங்கள்தான் விடவில்லை.

பழைய வீரர்களும் ரசிகர்களுமாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அதில் தினமும் ஒரே சண்டை. அந்த மோதல்களில் யார் 'பிரைம்'இல், அதாவது தன் உச்சத்தில், இருந்தார்? மூன்றாவது மோதலின்போது மாமா மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, எடை குறைக்கப் பட்டினி வேறு கிடந்தார், அதனால் அது தோல்வியே இல்லை என்பது எங்கள் கட்சி. அப்படியானால் முதல் மோதலில் பாய்க்கு வயது பத்தொன்பது, மீசை சரியாக முளைக்கவில்லை, அந்த வெற்றியையும் அழித்துவிடு என்பார்கள் சிதம்பரத்தார். இதில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஒரு நாளும் கையில் கிளவுஸ் மாட்டியவன் இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் குழுவில் ஆடியோ போடுவேன்.

ஒரு நாள் சிதம்பரத்து ஆள் ஒருவர், "ஒங்க மாமாவுக்கு பிரைம்னு ஒண்ணு இருந்துச்சா என்ன?" என்று கேட்டுவிட்டு வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அடுத்த மாதம் சிதம்பரத்தில் பழைய வீரர்கள் சந்திப்பு இருந்தது. அதில் இருவரும் மூன்று ரவுண்டு ஆடிக் காட்டட்டும் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "பழைய எடையில வரணும். அறுபத்து மூணரை. அப்புறம் அவரு ஜாஸ்தி, இவரு கம்மின்னு யாரும் பேசக் கூடாது" என்று நிபந்தனையும் போட்டேன். குழுவே கைதட்டியது. பாய் ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். நான்கு பேர் முன்னால் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர் மாமா. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது, எழுபது கிலோ.

எடை இறக்குவது என்பது குத்துச்சண்டைக்காரர்களின் தனி வித்தை. முதலில் சோற்றைக் குறைப்பார்கள். கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துவார்கள். ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவார்கள். வாயில் ஒரு துண்டுப் புளியை அடக்கி, ஊறும் எச்சிலை டம்ளரில் துப்பிக்கொண்டே இருப்பார்கள். இருபது வயதில் எல்லாரும் செய்வதுதான் என்றார் மாமா. வயதைப் பற்றி எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா மூன்று ரவுண்டு, தலையில் கவசம் இருக்கும், அடியே படாது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று காலை மாமாவின் எடை அறுபத்தைந்து. இன்னும் ஒன்றரைக் கிலோ. பதினோரு மணிக்குச் சிதம்பரத்தில் எடை பார்ப்பார்கள். "கார்லயே இறக்கிடலாம் மாமா" என்று யோசனை சொன்னவனும் நானே. கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். ஹீட்டரைப் போட்டேன். மாமாவுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, அதற்கு மேல் ஒரு போர்வை, வாயில் புளி, கையில் துப்ப ஒரு டம்ளர். தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் ஆசை வரும் என்று டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

சிப்காட் தாண்டும்வரை நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். குடிகாடு பக்கம் போகும்போது, தெரிந்தவர் யாராவது இந்தக் கோலத்தில் பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்று சிரித்தார். ஆலப்பாக்கம் வந்தபோது பேச்சு நின்றது. கொஞ்ச தூரம் போனபின் மெதுவாகக் கேட்டார்.

"மச்சான், ஒரு வாய் தண்ணி குடேன்."

"இன்னும் கொஞ்ச தூரம்தான் மாமா. எடை பாத்த ஒடனே பாட்டில் முழுசும் ஒங்களுக்குத்தான்" என்றேன். பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

புதுச்சத்திரத்தில் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை குரல் குழறியது. டம்ளரைப் பார்த்தேன். அவர் துப்புவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. நெற்றியைத் துடைக்கலாம் என்று துண்டை வைத்தால் வேர்வையே இல்லை. கடவுள் மன்னிக்கட்டும், அந்த நேரத்தில் நான் நினைத்தது, 'பரவாயில்லை, எடை இறங்கிவிட்டது' என்பதுதான்.

அதற்குப் பிறகு மாமா என் பக்கம் திரும்பி, "பஸ்ஸு எத்தன மணிக்கு சார்?" என்றார். நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "ஊருக்கு லெட்டர் போட்டுட்டேன் சார், வந்துடுவாங்க" என்றார். கண் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தன் பழைய பயிற்சியாளராக நினைத்துப் பேசுகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. கையைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கொதித்தது. காரை ஓரம் கட்டுவதற்குள் அவருக்கு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. பற்கள் கிட்டிக்கொண்டன. போர்வைக்குள் கால்கள் டேஷ்போர்டை உதைத்தன.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அக்கா முகம்தான் முன்னால் வந்தது. 108க்கு அழைத்தேன், பி.முட்லூருக்கு முன்னால் என்று எப்படியோ இடத்தைச் சொன்னேன். வண்டி வர நேரமாகும் என்றார்கள். அடுத்து என் விரல் தானாகப் போனது பாயின் எண்ணுக்கு. தினமும் குழுவில் யாரை எதிர்த்துக் கத்தினேனோ அவருக்கே.

"பாய், மாமா பேச்சுமூச்சு இல்லாம கெடக்குறாரு. எடைக்காகத் தண்ணியே குடிக்கல" என்று அழுதேன்.

பாய் கத்தினார். "யா அல்லாஹ்! வாயில தண்ணி ஊத்தாத, பொறையேறிடும். துணியெல்லாம் கழட்டு. நெழலுக்குத் தூக்கு. ஐஸ் கெடச்சா அக்குள்ல, கழுத்துல வையி. ஒடம்பு குளுரணும், அதான் முக்கியம். நான் வந்துகிட்டே இருக்கேன்."

ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். ஒரு வேப்பமரத்தடியில் அவரை இழுத்துப் போட்டேன். டிக்கியைத் திறந்து பாட்டில் தண்ணீரை அவர் மார்பில் ஊற்றினேன். அது ஒரு நிமிடத்துக்குக்கூடப் போதவில்லை. சாலையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து வண்டிகளை மறித்தேன். இரண்டு கார்கள் ஒதுங்கிப் போயின. பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து மீன் ஏற்றிவந்த மினி வேன் ஒன்று நின்றது. அதில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. "பொட்டிய எறக்குடா" என்று டிரைவருக்குச் சொல்லிவிட்டு, மீனைத் தார்ப்பாயில் கொட்டினார். பெட்டியிலிருந்த உடைத்த ஐஸை அப்படியே மாமாவின் உடம்பில் சரித்தார். அவர் புடவைத் தலைப்பால் விசிறினார், நான் தேய்த்தேன். மாமாவின் வாயோரம் நுரை. கண் பாதி திறந்து வெள்ளையாகத் தெரிந்தது. செத்துவிட்டார் என்றே இரண்டு முறை நினைத்தேன்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் பாயின் பைக் வந்துவிட்டது. இறங்கியவர் நேராக நடக்கவில்லை. தள்ளாடி வந்து மண்டியிட்டு, மாமாவின் கன்னத்தைத் தட்டினார். பாயின் உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. சட்டைக்குள் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டியிருந்தது தெரிந்தது. அவரும் இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. என் நிபந்தனை அவருக்கும் சேர்த்துத்தானே. அந்த அம்மா இதைக் கவனித்துவிட்டு, தன் தூக்குவாளியிலிருந்த நீராகாரத்தை அவர் கையில் கொடுத்தார். பாய் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் ஐஸை அள்ளினார்.

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வழியிலேயே ஐஸ் வைத்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். ஆனால் சிறுநீரகம் என்ன சொல்லும் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்றும் சொன்னார். அந்த இரண்டு நாளும் மாமாவின் கட்டிலுக்குக் கீழே தொங்கிய, சிறுநீர் சேரும் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் விழுந்த துளிகள் தேநீர் நிறத்தில் இருந்தன. மூன்றாம் நாள்தான் நிறம் தெளிந்தது. அன்றுதான் நான் சாப்பிட்டேன்.

அன்று மாலை பாய் பார்க்க வந்தார். ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். பிறகு பாய் கேட்டார்.

"மூணாவது தடவ ஆடுனோமே, அன்னைக்கு எவ்ளோ எறக்குன?"

"நாலு கிலோ. நீ?"

"நாலரை. ரிங்குல ஏறும்போது நீ ரெண்டா தெரிஞ்ச."

"எனக்கும்தான்டா" என்றார் மாமா. "மொத தடவையும் அப்படித்தான். நம்ம ரெண்டு பேரும் தெம்பா இருந்த ஒரு நாள்ல மோதுனதே கெடயாது."

இத்தனை வருடம் நாங்கள் விரலொடியத் தட்டிய கேள்விக்கு அவ்வளவுதான் பதில். இருவருக்கும் அது முன்பே தெரியும். யாரும் அவர்களைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பாய் போன பிறகு அக்கா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று தலைகுனிந்துகொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை.

"அவுரு வழியில தண்ணி கேட்டாராடா?" என்றாள். அது மட்டும்தான் கேட்டாள்.

"இல்லக்கா. கேக்கவே இல்ல" என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுரு அப்படித்தான், வாய் தொறந்து கேக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமா, தனக்கு ஆலப்பாக்கத்துக்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை என்கிறார். உண்மையாகவே இல்லையா, எனக்காகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. அதைக் கேட்கவும் எனக்குப் பயம்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். மாமா நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார். பாய் கடைக்கு இருவருமாகப் போய் வருகிறோம். ஆனால் சாப்பாட்டின் நடுவில் அவர் சாதாரணமாக, "மச்சான், தண்ணி" என்று சொன்னால்கூடச் சொம்பை எடுக்க எழுந்து ஓடுகிறேன். அக்கா இந்தப் பத்திரிகையின் வாசகர் அனுபவப் பக்கத்தை ஒரு இதழ் விடாமல் படிப்பவள். பெயர் போடாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர் கேட்டார் அக்கா, இரண்டு முறை கேட்டார். கையெட்டும் தூரத்தில் ஒரு மனிதர் தவித்துக் கிடக்க, அவருடைய பெருமைக்காகவே பாடுபடுகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததுதான் இன்றைக்கும் எனக்கு என்மேல் இருக்கிற பயம்.