பெண் பார்க்கும் ஹாலில் ஒரு கட்டில்

என் மகளைப் பிடித்துப்போய்ச் சம்மதம் சொன்ன மாப்பிள்ளை வீட்டாரை நான் திருப்பி அனுப்பினேன். அவளைக் கேட்காமல்! அவளுக்குத் தெரியாமல்!

இன்றுவரை அவளிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது... அந்தத் தைரியம்தான். கோழைகள் ஆள் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

செஞ்சிக் கடைத்தெருவில் பெயிண்ட், தாழ்ப்பாள், குழாய் விற்கிறவன் நான். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள், மீனா. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ் ஏறிப் போனால் பொழுது சாயத் திரும்புவாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். சந்தோஷமாக இருக்கிறோம்... இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கதையைக் கேட்டு நீங்கள் கண்ணீர் விடத் தயாராக வேண்டாம்.

எங்கள் வீட்டில் இரண்டு ஹால். உள்ளே இருப்பது நாங்கள் புழங்குகிற இடம். டிவி, சாப்பாடு, துணி மடிப்பது எல்லாம் அங்கேதான். தெருவைப் பார்த்த பெரிய ஹால் என் மனைவியின் பிடிவாதத்தால் வந்தது. மீனா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வீடு கட்டினோம். "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்கள டிவிக்கும் சோத்துக் குண்டானுக்கும் நடுவுலயா உக்கார வெப்பீங்க?" என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல், வெளியாள் வந்துபோகத் தனி வாசலும் வைக்கச் செய்தாள்.

அப்படியே ஆயிற்று. சோஃபா செட் வந்தது. கண்ணாடி அலமாரி வந்தது. அதற்குள் யாரும் வாய் வைத்திராத கோப்பைகள் வந்தன. தூசி படியும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்தோம். வீட்டிலேயே பெரிய இடம், வீட்டிலேயே நல்ல இடம்... அங்கே ஒரு ஈ காக்கை கிடையாது!

மீனா படுத்தது பின்பக்கத்துச் சின்ன அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். செஞ்சி வெயில் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பகலெல்லாம் மலைப்பாறை வாங்கி வைத்துக்கொண்ட சூடு, விளக்கு வைத்த பிறகுதான் ஊருக்குள் இறங்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றிப் பரிமாறும். அவள் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

பெண் பார்க்க எத்தனையோ பேர் வந்தார்கள். கேசரி தின்றார்கள், காபி குடித்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான், 'வேண்டாம்'. மீனாவுக்கும் அது தெரியும். வந்தவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு மீதிக் கேசரியோடு டிவி முன் உட்கார்ந்துவிடுவாள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவே மாட்டாள்.

அவள் கேட்டது ஒரே ஒரு முறைதான்.

ஆரணியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பையன் பள்ளிக்கூட ஆசிரியர். என் மனைவி போன பிறகு வந்த வரன் என்பதால், மனைவியின் தங்கைதான் உடனிருந்து எல்லாம் செய்தாள். மீனா காபித் தட்டோடு வந்து நின்ற நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது! ஹால் முழுக்கப் புழுக்கம். எல்லோரும் நெளிந்தோம். அந்தப் பையன் சட்டென்று எழுந்தார், யாரையும் கேட்கவில்லை, சாத்திக் கிடந்த ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று! மேசை விரிப்பு பறந்தது.

"இவ்ளோ காத்து வருது... இங்க போயி சோஃபாவப் போட்டு வெச்சிருக்கீங்களே சார்! ஜன்னலாண்ட கட்டில் போட்டா சூப்பரா தூக்கம் வரும்" என்றார் என்னிடம்.

அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வந்தியா, தூங்க வந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். மீனாவும் சிரித்தாள். தட்டில் காபி தளும்ப, தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவளை அப்படி அந்த ஹாலில் நான் பார்த்ததே இல்லை.

என் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

கிளம்பும்போது பையனின் அம்மா, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, "சொல்லி அனுப்புறோம்" என்றார். மறுநாள் காலை நான் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது அந்த அம்மாளே போனில் கூப்பிட்டார்.

"எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. உங்க பொண்ணுக்கும் சம்மதம்னா ஒரு நல்ல நாள் பாருங்க. கை நனைக்க வந்துடுறோம்."

பெண் வீட்டில் கை நனைப்பது என்றால் முடிவானது என்று பொருள். இலை போட்டுச் சாப்பிடுவார்கள், பிறகு பேச்சில் மாற்றம் இருக்காது. எந்தத் தகப்பனும் அந்த வார்த்தைக்காகத்தானே காத்துக் கிடக்கிறான்? நானும் காத்துக் கிடந்தவன்தானே? எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை?

நான் சொல்கிறேன். பயம்! மனைவி போனதற்கும், மீனா அப்போது சென்னையில் பார்த்துவந்த வேலையை விட்டு வந்ததற்கும் இடையே சில மாதங்கள் இந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேச ஆளில்லாமல் டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்... சிரிக்காதீர்கள். அந்த மாதங்கள் திரும்பி வந்துவிடும் என்று நடுங்கினேன். அவ்வளவுதான் காரணம். பையனிடம் ஒரு குறையும் இல்லை. குடும்பத்திலும் இல்லை. தேடிப் பார்த்தேன், ஒரு குறையாவது கிடைத்தால் பிழைத்தேன் என்று தேடினேன்... கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு இஷ்டமில்லீங்கம்மா. மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பப் பாத்து நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார். மச்சினியிடமும் தரகரிடமும் ஆளுக்கொரு விதமாகப் பூசி மெழுகினேன். அதில் எனக்குத் தொழில் பழக்கம் உண்டு!

சாயங்காலம் மீனா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"நைனா, ஆரணிக்காரங்க இன்னா சொன்னாங்க?"

"சொல்லி அனுப்புறோம்னாங்கம்மா" என்றேன்.

பாருங்கள்... அது பொய்யா? முந்தின நாள் அவர்கள் சொன்னது அதேதானே! ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லையே! எத்தனையோ முறை இந்த வாதத்தை எனக்குள் நடத்தி எனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு! உண்மையான வார்த்தைகளைக் கொண்டு இப்படி ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அவள் "ஓ" என்றாள். குழாயடியில் வழக்கத்தைவிட நேரம் எடுத்து முகம் கழுவினாள். சோறு போட வந்தபோது, "நைனா, இனிமே யாரையும் வரச் சொல்லாத. காபித் தட்டோட நின்னது போதும். எனக்கு வேலை இருக்குது, நீ இருக்கறே" என்றாள்.

நீ இருக்கறே! நான் இருந்தேன்... அதனால்தானே!

அன்றிரவே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அந்த ஆசிரியருக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது என்று தரகர் சொல்லும்வரை ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். தரகர் அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. 'இனி சொல்லியும் பயனில்லை' என்கிற நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

பெரிய ஹால் மறுபடியும் பூட்டியே கிடந்தது. போன தைக்குப் பிறகு ஒருநாள் மீனா உள்ஹாலில் துணி மடித்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"நைனா, அந்த ஹாலு சும்மாதான கெடக்குது? நான் ரூமா எடுத்துக்கட்டா? ஜன்னலாண்ட கட்டில் போட்டா சூப்பரா தூக்கம் வரும்."

அதே வார்த்தைகள்... அதே வரிசையில்! அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு சட்டையின் கையை மடித்துக்கொண்டிருந்தாள். யார் சொன்ன வார்த்தை என்று நினைவிருந்து சொன்னாளா? மறந்துபோய், தனக்கே தோன்றியதாக நினைத்துச் சொன்னாளா? கேட்க முடியுமா நான்? எந்த வாயால் கேட்பது?

"தாராளமா எடுத்துக்கோம்மா" என்றேன்.

அதன் பிறகு நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். கட்டட வேலை முடியும்வரை கடையில் கால் தரிக்கவில்லை. சோஃபா மச்சினி வீட்டுக்குப் போயிற்று. மேற்குச் சுவரில் மழைக்கு ஓதம் ஏறும். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்து, நீர் இறங்காத கலவை பூசி, நன்றாகக் காயவிட்டேன். ஓரமாக ஒரு குளியலறை எழுப்பினோம். துணி அலமாரி, கொசுவலைக் கதவு, ஏசி. படுத்தபடியே விளக்கணைக்கக் கட்டில் தலைமாட்டில் ஸ்விட்சு. ஊருக்கெல்லாம் நிறம் எடுத்துக் கொடுக்கிற எனக்கு, என் மகள் கேட்ட நீலம் பிடிபடவில்லை. "இது பள்ளிக்கூடக் கலரு நைனா", "இது ஆஸ்பத்திரிக் கலரு நைனா" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் நானே இரண்டு டப்பாவைக் கலந்து பூசிக் காட்டியதும், "இதான்!" என்று குதித்தாள். அந்த வயதில் குதித்தாள்!

கட்டில் செய்ய வந்த ஆசாரி அளவுகோலை விரித்துக்கொண்டு, "ஒத்தக் கட்டிலா, டபுளா பாப்பா?" என்று கேட்டார். நான் கலவைக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"டபுளு போடுங்கண்ணே. நான் உருண்டு உருண்டு தூங்குவேன்" என்றாள் மீனா.

வெளியாள் வருகிற தனி வாசலைக் கொத்தனார் செங்கல் வைத்து அடைத்தார். படுக்கையறைக்குத் தெருவாசல் எதற்கு, சரியான வேலைதான். ஆனாலும் கடைசிச் செங்கல் வைக்கும்போது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

அறை எப்படி வந்திருக்கிறது தெரியுமா? நீங்கள் வந்து பார்க்க வேண்டும்! ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலைப் பக்கத்துக் காற்று நேராகக் கட்டிலுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீனா வெயில் ஏறும்வரை தூங்குகிறாள். எழுந்ததும் நடு அறையில் கையை விரித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றுகிறாள். வேலை பார்க்கும் இடத்துத் தோழிகளைக் கூட்டிவந்து அலமாரியைத் திறந்து திறந்து காட்டுகிறாள். அவள் நடிக்கவில்லை. பெற்றவனுக்கு அது தெரியாதா? அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறாள். நானும்!

எனக்கு உறுத்துவதும் அதுதான். அவள் அழுதிருந்தால் நான் என்றோ உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்திருப்பேன். இப்போது சொன்னால் எதைக் கொடுக்கப்போகிறேன்? அவள் கையில் இருக்கிற சந்தோஷத்தைப் பிடுங்குவேன், அவ்வளவுதானே?... பார்த்தீர்களா, இதுவும் சாக்கு. அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சந்தோஷம் இதைவிடப் பெரிதா சிறிதா என்று முடிவு செய்ய நான் யார்? அன்றும் நானே முடிவு செய்தேன். இன்றும் நானே முடிவு செய்கிறேன்.

போன ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவள் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், நான் நாற்காலியில்.

"நைனா, ஒண்ணு சொல்லட்டா? எங்க லேப்ல எல்லாப் பொண்ணுங்களும் அழுவுதுங்க. கல்யாணம் பண்ணு, கல்யாணம் பண்ணுன்னு வீட்டுல ஒரே டார்ச்சராம். நீ ஒருநாளும் என்னைய நெருக்குனதில்ல. அந்த ஆரணிக்காரங்க வேணாம்னு சொன்னப்பகூட ஒரு வார்த்தை சொல்லல. வேற யாராச்சும்னா எம்மேலதான் பழியப் போட்டிருப்பாங்க. ரொம்ப தேங்க்ஸ் நைனா."

ஆரணிக்காரர்களை அவள் மறக்கவில்லை!

நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. 'அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையம்மா'... இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

"இதுக்கெல்லாமா தேங்க்ஸ் சொல்லுவாங்க?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "நீ கொஞ்ச நேரம் இங்க சாயி நைனா, காத்து நல்லா வருது. நான் டீ போட்டு எடுத்தாரேன்" என்று தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போனாள்.

படுத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தவனைப்போலக் கண் சொக்கியது. அவள் டம்ளரோடு வந்து தோளைத் தட்டியபோதுதான் விழித்தேன்.

"இன்னா நைனா, நல்லா தூங்குனியா?"

"நல்லா தூங்கிட்டேம்மா" என்றேன். அன்று அவளிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.